மேல்முறையீட்டுக்குப் பிறகு ஒரு கதவு

தியாகராஜ பாகவதர் என்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட பெருமையில்தான் பேச்சு ஆரம்பிக்கும். மாயவரத்தில் பிறந்தவர் அல்லவா! நான் நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய வழக்கு.

1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலை. அடுத்த மே மாதம் ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளி என்று சொல்ல, பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தள்ளுபடி. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் அந்த மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொன்னது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். லண்டன் வரை வழக்கு நடத்த அவர்களுக்கு வசதி இருந்தது. பாகவதரின் சினிமா வாழ்க்கை மட்டும் பழையபடி எழவே இல்லை.

வசதி இல்லாதவன் என்ன செய்வான்? நான் வேலையில் இருந்தபோது பாபநாசம் பக்கத்துக் குத்தகை விவசாயி ஒருவர், மகன் வழக்கின் தீர்ப்பு நகலோடு வந்தார். உயர் நீதிமன்றத்தில் தண்டனை உறுதியாகி வருஷம் இரண்டு ஆகியிருந்தது. முக்கியச் சாட்சி, "நான் அங்கே இல்லவே இல்லை" என்று இப்போது ஊரில் சொல்கிறானாம். எந்த மனுவில் இதைச் சொல்வது என்று கேட்டார். நேரான பதில் என்னிடம் இல்லை.

சட்டம் அப்படி. கூடுதல் சாட்சியம் எடுக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 391-ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்க வேண்டும். தீர்ப்பில் கையெழுத்து விழுந்துவிட்டால் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர எதையும் திருத்தக் கூடாது என்றது 362. புதிய சட்டத்தில் அது 403. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. உச்ச நீதிமன்றத்தில் மறுஆய்வு மனுவுக்கு 30 நாள் கெடு. அதையும் பெரும்பாலும் வக்கீல் வாதமின்றி, அறைக்குள் வைத்தே முடித்துவிடுகிறார்கள். 2002-இல் வந்த க்யூரேட்டிவ் மனுவுக்கு ஒரு மூத்த வழக்கறிஞரின் சான்று வேண்டும். கவர்னரிடம் கருணை கேட்கலாம்தான். செய்யாத குற்றத்துக்கு எதற்குக் கருணை?

மகாராஷ்டிரத்தில் ஆறு பேருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்று முடிவு செய்தது. 2014-இல், தூக்கு வழக்குகளின் மறுஆய்வை மட்டும் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு வந்ததால் அவர்கள் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. 2019 மார்ச்சில் ஆறு பேரையும் விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்: அவர்களுக்கு ஆயுள் தண்டனையோடு நின்றிருந்தால் அந்த வழி திறந்தே இருக்காது. தூக்கு விழுந்ததால் பிழைத்தார்கள்!

வழக்குக்கு ஒரு முடிவு வேண்டாமா என்று வக்கீல் நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும்தான். நிலத்தகராறில் அது சரி. உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதே நியாயம் எனக்கு ஒப்பவில்லை. இங்கிலாந்தில் 1997 முதல் தனி ஆணையம் ஒன்று இதற்காகவே இயங்குகிறது. முடிந்த வழக்கில் புது ஆதாரம் வந்தால் விசாரித்து, தகுதி இருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பும். தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதுவும் டெல்லியில் மட்டும் இருந்தால் போதாது. திருச்சி மத்திய சிறையிலிருந்து ஒரு கைதி தமிழில் எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படித்து, சாட்சியைத் தேடி ஊருக்குப் போக அதில் ஆள் இருக்க வேண்டும்.