குண்டூசியைக் கீழே போடுங்க மக்களே!

போன மாசம் ஊர்ல அம்மா வீட்டு ரவுட்டர் படுத்துடுச்சு. கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினா, "பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியால பத்து செகண்ட் அழுத்துங்கம்மா"ன்னு சொல்லியிருக்காங்க. அம்மாவும் அழுத்திட்டாங்க. ஜோலி முடிஞ்சது. பேத்தி முகத்தைப் பார்க்காம நாலு நாள்.

ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற சாமிகளா! ஸ்விட்சை அணைச்சு அரை நிமிஷம் கழிச்சுப் போட்டா எதுவும் அழியாது. குண்டூசி வேலை அப்படியில்லை. உள்ளே போட்டு வச்ச யூசர்நேம், பாஸ்வேர்ட், வைஃபை பேரு எல்லாத்தையும் துடைச்சிடும்.

முதல்ல விளக்கைப் பாருங்க. ஃபைபர் இணைப்புல 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பா இருந்தா வெளிச்சமே வந்து சேரலைன்னு அர்த்தம். ஒயர் எங்கேயோ அறுந்திருக்கும், இல்லேன்னா மடங்கியிருக்கும். (அம்மா வீட்ல ஜன்னல் கதவுல நசுங்கிக் கிடந்தது.) அதுக்குக் குண்டூசி என்ன பண்ணும்?

என்னைக் கேட்டா தப்பு அம்மா மேல இல்லை. மாட்டிட்டுப் போறவர் யூசர்நேம், பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டுத்தான் போகணும். மாசாமாசம் காசு கட்டறது நாம, சாவி மட்டும் அவங்ககிட்டயா? நாலாம் நாள் ஆள் வந்தார். ஒயரைச் சரிபண்ண கால் மணி நேரம், பாஸ்வேர்டுக்காக ஆபீசுக்குப் போன் போட்டுக் காத்திருந்தது முக்கால் மணி நேரம்!

இந்தத் தடவை அம்மா விடலை, எழுதி வாங்கிட்டாங்க. சீட்டு இப்போ முருகன் படத்துக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு.