உடனே யார் வாய் திறப்பது?

டிஸ்க் கோல்பில் ஒரு விதி இருக்கிறது. உங்களோடு விளையாடுகிறவர் காலைப் பிழையான இடத்தில் வைத்து எறிந்தால், உடனடியாக நீங்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். பிந்திச் சொன்னால் செல்லாது. நீங்கள் மட்டும் சொன்னாலும் போதாது. குழுவில் இன்னொருவர் "ஓம், நானும் கண்டனான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பதான் பிழை விட்டவருக்கு ஒரு எறி தண்டனையாகக் கூடும்.

இந்தச் சின்ன விதியை வைத்துத்தான் அந்த விளையாட்டின் ரசிகர்கள் வருசக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையில் முக்கால்வாசிப் பேர் பிழையான ஆளைத் திட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். பிரிஸ்பி மாதிரித்தான், ஆனால் அதை விடச் சின்னதான, விளிம்பு கூரான தட்டு. கோல்பில் குழி இருக்கிற இடத்தில் இங்கே சங்கிலிகள் தொங்குகிற இரும்புக் கூடை. ஆகக் குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் போடுகிறவர் வெல்வார். 1970களின் நடுவில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் இந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கினார். 1976 இல் தொழில்முறை டிஸ்க் கோல்ப் சங்கத்தைத் தொடங்கியதும் அவர்தான். பூங்காவில் பொழுதுபோக்காகத் தொடங்கிய விளையாட்டு இண்டைக்கு நல்ல காசு புழங்குகிற இடம். ஆறு தடவை உலக சம்பியனான போல் மெக்பெத்துக்கு 2021 இல் ஒரு தட்டுக் கம்பெனி பத்து வருசத்துக்கு ஒரு கோடி டொலர் ஒப்பந்தம் கொடுத்தது. பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் இது ஊர் ஊராக விளையாடப்படுகிறது. 2022, 2023 இரண்டு வருசமும் பெண்கள் பிரிவில் உலக சம்பியனான கிறிஸ்டின் தத்தார் எஸ்தோனியாக்காரி.

வெளியாட்கள் நிறையப் பேர் இந்த விளையாட்டை முதல்முதல் கண்டது ஒரே ஒரு எறியால்தான். 2021 உலக சம்பியன்ஷிப், யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரம், கடைசிக் கூடை. ஜேம்ஸ் கொன்ராட் ஒரு எறி பின்னால் நிற்கிறார், முன்னால் நிற்பது மெக்பெத். 247 அடி தூரத்தில் இருந்து, அதாவது எழுபத்தைந்து மீற்றர் அளவில் இருந்து, கொன்ராட் எறிந்த தட்டு நேரே போய்ச் சங்கிலியில் விழுந்தது. சமநிலை. பிறகு நடந்த பிளேஓஃபில் கொன்ராட் உலக சம்பியன். அந்தக் காணொளியில் சனம் துள்ளிக் குதிக்கிறதைப் பார்த்தால், விளையாட்டே தெரியாத ஆளுக்கும் மயிர் கூச்செறியும்.

அந்த ரசிகர் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அது ஸ்லோமோஷனில் காலைப் பார்க்கிற முகம்.

இந்தக் காலடி விசயம் இப்படி. தட்டு விழுந்த இடத்தில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அதற்குப் பின்னால் 20 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் நீளமான ஒரு செவ்வகம் இருப்பதாகக் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாள் அளவு. தட்டு கையை விட்டுப் போகிற அந்தக் கணத்தில் உங்கள் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி அந்தத் தாளுக்குள் தரையில் பட்டிருக்க வேண்டும். அடையாளத்தை விடக் கூடைக்குக் கிட்ட எதுவும் ஊன்றியிருக்கக் கூடாது. கேட்க லேசாக இருக்கு, என்ன? ஆனால் தூர எறிகிறவர் ஓடி வருவார், உடம்பைத் திருப்பி, முதுகை இலக்குக்குக் காட்டி, கையைப் பின்னால் இழுப்பார். அடி வைக்கிற நேரம் அவருடைய கண் அந்த இடத்தில் இல்லை. ஈரப் புல், சரிவு, மரவேர் எல்லாம் சேர்ந்தால் ஒரு சாண் விலகுவது பெரிய விசயமே இல்லை. அதாவது, காலடிப் பிழை பெரும்பாலும் களவு இல்லை. அது பிழை, அவ்வளவுதான்.

கூடைக்குக் கிட்டப் போனால் இன்னொரு சிக்கல். பத்து மீற்றருக்குள் நிற்கிறவர், எறிந்த பிறகு முன்னுக்கு விழாமல், தன் சமநிலையைக் காட்டிவிட்டுத்தான் கூடையை நோக்கி நகரலாம். பத்து மீற்றருக்கு வெளியே என்றால் பாய்ந்து எறியலாம், ஆனால் கால் தரையை விட முதல் தட்டு கையை விட்டிருக்க வேண்டும். எது முதலில் நடந்தது? வெறும் கண்ணால் இதைச் சொல்வது மிகக் கஷ்டம். ஆனால் வீட்டில் இருந்து காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவருக்கு நல்லாத் தெரியும்.

இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. வீட்டில் இருக்கிறவருக்கு நேரம் தாராளம். களத்தில் நிற்கிறவர் உடனே சொல்ல வேண்டும். பிழையை வீரர்களே சொல்ல வேண்டும் என்று விதிப் புத்தகம் எதிர்பார்க்கிறது. பெரிய போட்டிகளில் அதிகாரிகள் சுற்றிக்கொண்டு இருந்தாலும் அடிப்படை அதுதான். அந்த நான்கு பேரும் யார்? ஒரே பரிசுக்காக மோதுகிறவர்கள். மணித்தியாலக் கணக்கில் சேர்ந்து நடக்கிறவர்கள். அடுத்த கிழமை இன்னொரு மாநிலத்தில் திரும்பவும் ஒன்றாக விளையாடப் போகிறவர்கள். சிலர் ஒரே கம்பெனியின் அணியில் இருப்பார்கள், சிலர் ஒரே வானில் பயணம் செய்வார்கள். அந்தக் கணத்துக்குள் ஒருவர் தான் கண்டது உண்மைதானா என்று தன்னையே கேட்க வேண்டும். மற்றவர் ஒத்துக்கொள்வாரா என்று யோசிக்க வேண்டும். பிறகு மிச்சக் கூடைகளுக்கு அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கவும் வேண்டும். பெரும்பாலானோர் பேசாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதில் ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவரும் சொல்லாமல் விட்டால், கால் விலகியவரைக் "கள்ளன்" என்கிறார்கள், கூட நின்றவர்களைக் "கூட்டுக் கள்ளர்" என்கிறார்கள். யாராவது துணிந்து சொல்லிவிட்டால், "சின்னப் புத்தி", "வெல்ல ஏலாமல் விதியைத் தூக்கிறான்", "இந்த நேரத்திலயா சொல்லுறது?" என்று அவருக்கு அர்ச்சனை. முப்பது விநாடிக்குள் எறிய வேண்டும் என்கிற நேர விதிக்கும் இதே கதிதான். மெதுவாக விளையாடுகிறவரையும் திட்டுவார்கள், அவருக்கு நேரம் எண்ணுகிறவரையும் திட்டுவார்கள். சொன்னாலும் குற்றம், சொல்லாட்டியும் குற்றம். அப்ப அந்த வீரர் என்னதான் செய்யிறது?

இது எங்களுக்குத் தெரியாத உணர்வு இல்லை. 2023 நவம்பர் 6, டெல்லி. உலகக் கிண்ணத்தில் ஏஞ்சலோ மெத்யூஸின் ஹெல்மெட் பட்டி அறுந்து, அவர் முதல் பந்தைச் சந்திக்கப் பிந்திவிட்டது. பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். சர்வதேச கிரிக்கெட்டில் முதல் தடவையாக ஒருவர் "டைம்ட் அவுட்". அன்றைக்கு எங்கட ஆட்கள் யாரைத் திட்டினார்கள்? விதியை எழுதினவரையா? தீர்ப்புச் சொன்ன நடுவரையா? ஷகிப்பைத்தான். அந்த நடுவர்களின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வீர்கள்? எதிரணி முறையிட்டால் மட்டுமே நடுவர் அவுட் கொடுக்கலாம் என்று விதி இருந்தால், கோபம் முழுக்க முறையிட்டவர் தலையில்தான் விழும். ஷகிப் செய்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். முறையிடுகிற பாரத்தை எதிராளியிடம் கொடுத்தால் விதியை விட்டிட்டு ஆளைத்தான் சனம் வெறுக்கும். டிஸ்க் கோல்பில் இது இன்னும் மோசம். அங்கே முறையிடுகிறவரும் எதிராளி, தீர்ப்பை உறுதிப்படுத்துகிறவரும் எதிராளி.

எங்கட ஒழுங்கைக் கிரிக்கெட்டையே எடுங்கள். எல்பி கிடையாது. ஏன்? அம்பயராக நிற்கிறது பட்டிங் பக்கத்து ஆள். அவன் தன்ர பெடியனுக்கு எல்பி குடுப்பானா? குடுக்க மாட்டான், குடுக்கச் சொல்லிக் கேட்கவும் ஏலாது. அதனால் அந்த விதியையே தூக்கிவிட்டு, மதிலுக்கு அங்கால அடிச்சா அவுட் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒன்றை வைத்தோம். நடுநிலையாகச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், நடுநிலை தேவைப்படுகிற விதியை வைத்திருக்கக் கூடாது என்று பத்து வயதுப் பெடியளுக்கே தெரிந்திருக்கிறது. டிஸ்க் கோல்ப் அந்த விதியை வைத்திருக்கிறது, ஆளைத்தான் வைக்கவில்லை.

அடுத்தது கொமென்டரி. இந்த விளையாட்டின் ரசிகர்களில் பெரும்பங்கு யூடியூப் வழியாக வந்தவர்கள். ஜோமெஸ்புரோ மாதிரியான குழுக்கள் முன்னணி நான்கு பேரின் ஆட்டத்தைப் படம்பிடித்து, இரவோடிரவாக வெட்டி ஒட்டி, அடுத்த நாள் வெளியிடுவார்கள். அதற்குக் குரல் கொடுக்கிறவர்கள் நேட் செக்ஸ்டன், ஜெரமி கோலிங் மாதிரியான வீரர்கள். செக்ஸ்டன் 2017 இல் அமெரிக்க டிஸ்க் கோல்ப் சம்பியன். பல வேளை அதே போட்டியில் பகலில் விளையாடிவிட்டு வந்து கதைப்பார்கள். காற்று எந்தப் பக்கம், இந்தத் தட்டு ஏன் இடப்பக்கம் இழுக்கும், இந்த மர இடைவெளிக்குள் ஏன் பின்கையை விட முன்கை எறிதான் நல்லது எல்லாம் அவர்கள் சொல்லித்தான் சனம் படித்தது. கடைக்கு முன்னால் வாங்கில் இருந்து கதைக்கிற மாதிரிச் சிரிப்பும் பகிடியுமாகப் போகும். இந்த விளையாட்டு இவ்வளவு பேருக்குப் பிடித்ததில் அந்தக் குரல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை ஒருவரும் மறுக்க ஏலாது.

ஆனால் அந்த நட்புக்கு ஒரு விலை இருக்கிறது. அடுத்த கிழமை தன்னோடு விளையாடப் போகிறவரின் கால் விலகியதைக் கொமென்டேற்றர் எப்படிச் சொல்வார்? களத்தில் நின்ற வீரருக்கு இருந்த அதே சங்கடம் இவருக்கும் இருக்கிறது. ஆகவே தட்டைப் பற்றி நிறையக் கதைப்பார்கள், காலைப் பற்றிக் கதைப்பது அரிது. திரையில் தெரிகிறதைக் குரல் சொல்லாமல் விட்டால், பார்க்கிறவருக்கு ஏதோ மறைக்கிறாங்கள் என்ற எண்ணம்தான் வரும். காலடிப் பிழையைத் தனியே வெட்டி, வட்டம் போட்டு, "பாருங்கோ" என்று சுற்ற விடுகிற பழக்கம் அந்த எண்ணத்தில்தான் வளர்கிறது. "கால் கொஞ்சம் விலகியிருக்கு, ஒருவரும் சொல்லேல்லை, அதனால் எண்ணிக்கை மாறாது" என்று ஒரு வசனம் கொமென்டரியில் வந்திருந்தால், அந்தச் சந்தேகத்தில் பாதி அங்கேயே அடங்கியிருக்கும். பிழையைப் பிழை என்று சொல்வது ஆளைத் தாக்குவது இல்லை. கிரிக்கெட்டில் நோபோல் என்று சொன்னால் பந்துவீச்சாளரை யாரும் கள்ளன் என்று நினைப்பதில்லையே.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. நடுவர் இல்லாமல் வீரர்களே ஒருவரை ஒருவர் நம்பி விளையாடுவதுதான் இந்த விளையாட்டின் உயிர், அதை எடுத்தால் மிச்சம் என்ன என்று பழைய ஆட்கள் கேட்கிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நான்கு கூட்டாளிகள் விளையாடும்போது அது வடிவான விசயம். ஆனால் காசு கட்டிப் பார்க்கிற நேரடி ஒளிபரப்பு, கம்பெனி ஒப்பந்தம், ஒரு எறி வித்தியாசத்தில் மாறுகிற உலகப் பட்டம் எல்லாம் வந்த பிறகு, அந்த நம்பிக்கையின் செலவை வீரர்கள் மட்டும் கட்டுகிறார்கள். நேர்மையானவர் வாய் திறந்து கெட்ட பெயர் வாங்குகிறார். வாய் திறக்காதவர் கூட்டாளிகளை இழக்கவில்லை, எறியையும் இழக்கவில்லை. விளையாட்டைக் காப்பாற்றுகிறவருக்கு நட்டம் வருகிற மாதிரி ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பது நியாயம் இல்லை.

நடுவரை வைத்தால் சண்டை வராதா? வரும். 2022 இல் முன்னணி அமெரிக்க வீரர் ஒருவர், தனக்கு நேர விதியில் தண்டனை கொடுத்த அதிகாரியோடு ஆவேசமாக மோதினார். அவர் போட்டியில் இருந்து நீக்கப்பட்டார், பிறகு சங்கம் அவரை இடைநிறுத்தியது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மோதலைத் தாங்கினது ஒரு பதவி. அடுத்த கூடைக்குக் கூட நடக்க வேண்டிய சக வீரர் அதைத் தாங்க வேண்டி வரவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. பெரிய போட்டிகளின் இறுதி நாளில், முன்னணிக் குழுவோடு காலையும் நேரத்தையும் மட்டும் பார்க்க ஓர் ஆள் நடக்கட்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். கொமென்டரியில் இருக்கிறவர்கள் திரையில் தெரிகிறதைச் சாதாரணமாகச் சொல்லட்டும்.

ரசிகர்களுக்கும் வேலை இருக்கிறது. கால் விலகின காணொளி ஒன்று உங்களுக்கு வந்து, கீழே "கள்ளன்" என்று எழுதக் கை துடித்தால், படத்தை நிறுத்தாமல் சாதாரண வேகத்தில் ஒருக்கா ஓட விடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால், உங்கட கூட்டாளியைப் பார்த்துச் சொல்லியிருப்பீங்களா? இல்லை என்றால், உங்கட கோபத்தை அந்த வீரருக்கு அனுப்பாமல் போட்டியை நடத்துகிறவர்களுக்கு எழுதுங்கள். அதை மாற்றக்கூடியவர்கள் அவர்கள்தான்.