கோடிக்கரையில் விருந்தாளி

காலடிப்பேட்டையில் லாரிச் சத்தத்திலும் அயர்ந்து தூங்கும் என் பேரன், நாகை மாவட்டத்துக் கோடிக்கரை வன விடுதியில் நிசப்தத்துக்குப் பயந்து விழித்துக்கொண்டான்!

விடிந்ததும் புல்வெளியில் வெளிமான்கள். "தாத்தா, தலையில் முறுக்கு!" என்று ஆண்மானின் கொம்பைக் கண்டு குதித்தான். 1967-ல் இங்கே சரணாலயம் அமைந்ததே முக்கியமாக இவற்றுக்காகத்தான்.

வெளிமானுக்கு ஓட்டமே கவசம்; ஓடத் திறந்தவெளி வேண்டும். அந்த வெளியைச் சீமைக் கருவேலம் விழுங்குகிறது. நெற்றைத் தின்னும் கால்நடைகளே விதையைப் பரப்புகின்றன. வெட்டினாலோ, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கிறது. போதாததற்கு நாம் வேறு துரத்திப் படம் பிடிக்கலாமா?

பையன் பொட்டலத்தைப் பிரித்து, மானை நோக்கி ஓடப் பார்த்தான். கையைப் பிடித்தேன்.

"இது அவர்கள் வீடடா, நாம் விருந்தாளி. தூர நின்று பார், காகிதத்தை மடித்துப் பையில் வை."

வைத்துக்கொண்டான். மான்கள் நிம்மதியாக மேய்ந்தன.