நெடுஞ்சொல்லும் ஒற்றை அழுத்தமும்

டேனிஷ் மொழியில் 51 எழுத்துகள் கொண்ட சொல் ஒன்று உண்டென்றும், விசேஷ வைத்தியர்களின் தொழில் குறித்த திட்டம் நிலைபெறுவதற்குரிய காலம் என்பதே அதன் பொருளென்றும் சொன்னால், கேட்பவர் நகைப்பதும், இப்படிப்பட்ட சொற்களைப் பிரித்தெழுதினால் என்ன என்று யோசனை கூறுவதும் சகஜம். கண்ணுக்கு இரங்கிச் செவிக்குத் துரோகம் செய்யும் யோசனை அது என்பது என் அபிப்பிராயம்.

எத்தனை சொற்கள் சேர்ந்து தொகையானாலும், அம்மொழியில் பிரதான அழுத்தம் சாதாரணமாக முதற்சொல்லுக்கே உரியது. பின்வருபவை குறைந்த அழுத்தத்தோடு அதைத் தொடர்கின்றன. முதற்சொல் என்பதால் முதலசை என்று கொள்ளலாகாது. மேற்சொன்ன நெடுஞ்சொல் 'ஸ்பெஷால்' என்று தொடங்குகிறது. அழுத்தம் விழுவதோ அதன் இரண்டாம் அசையில். அங்கே ஒருமுறை விழுந்த வலிமை சொல் முடியும்வரை மீண்டும் அவ்வளவாக எங்கும் விழாமையால், இத்தனை நீளமும் ஒரே பொருளின் பெயர் என்பதைக் கேட்பவன் தடையின்றி உணர்கிறான்.

'தியூர்' என்பதற்குப் பிராணி என்றும், விலை மிகுந்தது என்றும் இரு பொருள்கள் உண்டு. 'லேயெ' என்றால் வைத்தியர். இரண்டையும் சேர்த்து, முன்னதை மட்டும் அழுத்திச் சொன்னால் கால்நடை வைத்தியர் வருவார். பிரித்து இரண்டையும் அழுத்திச் சொன்னாலோ, மிகுந்த கட்டணம் வாங்கும் வைத்தியர் வந்து நிற்பார். எழுத்தில் இந்தப் பேதத்தைக் காப்பது நடுவிலுள்ள சிறு இடைவெளி ஒன்றே.

தலைநகரின் பெயரே இவ்விதிக்கு அடங்கவில்லையே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வணிகர் துறைமுகம் என்ற பொருளில் பிறந்த கோபன்ஹேகனின் டேனிஷ் பெயரில், துறைமுகத்தைக் குறிக்கும் இறுதிப் பகுதியே அழுத்தம் பெறுகிறது. அண்டையிலுள்ள ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கும் அவ்வாறே. வாஸ்தவந்தான். ஆனால் அங்கும் அழுத்தத்தின் ஸ்தானம் மாறிற்றேயன்றி, ஒன்று இரண்டாகிவிடவில்லை.

ஆங்கிலத்தில் 'ஹை ஸ்கூல்' என்பதை ஒரே சொல்லைப் போல முன்பகுதியை அழுத்திச் சொல்லிவிட்டு, எழுதும்போது பிரித்து விடுகிறார்கள். அந்த வழக்கம் டென்மார்க்கில் எழுதுவோர் கையிலும் பரவுவதாக அங்கே நெடுங்காலமாக முறையீடு இருந்து வருகிறது. 1955-இல் தோன்றிய டேனிஷ் மொழிக்குழு வெளியிடும் எழுத்து அகராதியை அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும் பின்பற்றக் கடமைப்பட்டிருப்பினும், அகராதியின் அதிகாரம் மட்டும் ஒரு வழக்கத்தைக் காத்துவிடாது. ஆகையால் அந்நாட்டு ஆசிரியர்கள் விதியை மனனம் செய்விப்பதற்கு முன், ஐயம் தோன்றும் பெயர்ச்சொற்களை மாணவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்படி பழக்குவார்களாக. பிரதான அழுத்தம் ஒன்றாயின், எழுத்திலும் அது ஒரு சொல்லாகவே நிற்பதுதான் நியாயம்.