எந்த ஊரு, என்ன பேரு?

ஆடிக் கடைசி வெள்ளி என்றால் இருக்கன்குடியில் கால் வைக்க இடமிருக்காது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் மாரியம்மனைப் பார்க்க அவ்வளவு கூட்டம். அதில் ஒரு குழந்தை வழி தவறிவிட்டால், மைக் பிடித்திருப்பவர் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். “எந்த ஊரு கண்ணு? உன் பேரு என்ன?”

கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கேபிளைச் சொருகும்போதும் நடப்பது இதுவே. அங்கே மைக் பிடித்திருப்பவர் கெர்னல். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியாழத்தில் ஓடுவதும் லினக்ஸ் என்கிற கெர்னல்தான். சொருகிய சாதனம் அதனிடம் இரண்டு எண்களைச் சொல்லும். முதல் எண் தயாரித்த கம்பெனியைக் காட்டும், அது ஊர். அடுத்த எண் எந்தப் பொருள் என்று காட்டும், அது பேர். அந்த ஜோடி பட்டியலில் இருந்தால், அதற்கான டிரைவரிடம் சாதனம் ஒப்படைக்கப்படும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல சாதனமும் அனாதையாகிவிடலாம்.

பட்டியலில் புது ஜோடியைச் சேர்க்க எழுதும் திருத்தத்துக்கு ‘பேட்ச்’ என்று பெயர். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகள். ஆனாலும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். ஒரு எண் பிசகினால் பிரிண்டரைக் கேமரா டிரைவர் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒருவர் வீட்டில் புதிதாக ஒன்று ஓட ஆரம்பிக்க, நூறு வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும்.

2014 அக்டோபரில் வந்த ஒரு பேட்ச் கொஞ்சம் வித்தியாசமானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எஃப்டிடிஐ என்றொரு கம்பெனி இருக்கிறது. பழைய எடை மெஷின், பில் பிரிண்டர் போன்றவற்றை யுஎஸ்பியில் இணைக்கும் கேபிள்களுக்குள் இருக்கும் சிப்புக்குப் பேர் போனது. ஊர் எண் 0403, பேர் எண் 6001. அதே எண்களைச் சொல்லிக்கொண்டு போலி சிப்களும் சந்தைக்கு வந்தன. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேர் போன கம்பெனியின் லேபிளை வேறு பெட்டியில் ஒட்டுகிற அதே கதை!

கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு புது டிரைவரை அனுப்பியது. போலி சிப்பைக் கண்டால் அதன் பேர் எண்ணை அது 0000 என்று மாற்றி எழுதிவிடும். எழுதுவது கம்ப்யூட்டரில் அல்ல, சிப்புக்குள்ளேயே. பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சொருகினாலும் அடையாளம் தெரியாது. இப்படி முடங்கிய சாதனத்தை இங்கிலீஷில் செங்கல் என்பார்கள். பட்டாசு ஊரில் சொன்னால், நமத்துப்போன வெடி.

போலிமேல் கம்பெனிக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் அடி விழுந்தது போலியைச் செய்தவன்மேல் அல்ல. கடையில் காசு கொடுத்து, அசல் என்றே நம்பி வாங்கியவர்மேல். போலி லேபிள் ஒட்டியவனைப் பிடிக்காமல், தீபாவளியன்று பிள்ளையின் கையிலிருக்கும் மத்தாப்பில் தண்ணீர் ஊற்றுவதைப் போல.

பெர்ரி ஹங் என்பவர் லினக்ஸுக்கு ஒரு பேட்ச் அனுப்பினார். 0403, 0000 என்ற ஜோடியையும் பட்டியலில் சேருங்கள் என்பதுதான் விஷயம். போலிக்கு இடம் கொடுப்பதாகாதா? ஆகாது. பட்டியலின் வேலை, வந்தவரை அடையாளம் கண்டு சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பது. அசலா போலியா என்று பஞ்சாயத்துப் பண்ணுவது கோர்ட்டின் வேலை. கிரெக் குரோவா-ஹார்ட்மன் சம்மதம் சொல்ல, அந்தப் பகுதியைக் கவனித்துவந்த யோஹன் ஹோவோல்ட் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த எண்ணுக்குப் பட்டியலில் வைத்த பெயரே ‘பிரிக்’, அதாவது செங்கல்! எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனியும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பேட்சைப் படித்துப் பார்ப்பவரிடம் பெரும்பாலும் அந்தச் சாதனமே இருக்காது. எங்கோ உட்கார்ந்து எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் சாதனத்தைக் கையில் வைத்திருப்பவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டினால் அந்த இரண்டு எண்களும் திரையில் தெரியும். பேட்சைப் போட்டுப் பார்த்து, ஓடுகிறது என்று சாத்தூரிலிருந்து ஒருவர் எழுதினாலும், ‘சோதித்தவர்’ என்று அவர் பெயர் அந்தத் திருத்தத்தின் கீழேயே ஏறும்.