அடி வாங்கியவனுக்கே டி.சி.யா?



2023 ஆகஸ்ட் 24. உத்தரப்பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்தில் குப்பாபூர் என்றொரு கிராமம். 2013ல் கலவரம் நடந்து பல்லாயிரம் முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்களே, அதே மாவட்டம்தான். அங்குள்ள தனியார் பள்ளியில் ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவன் வாய்ப்பாடு படித்து வரவில்லை. ஆசிரியை எழுந்து வந்து அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து அவனை அறையச் சொன்னார். மெதுவாக அறைந்தவர்களைப் பலமாக அறையும்படி அதட்டினார். இடையில் முஸ்லிம் பிள்ளைகள் என்று குறிப்பிட்டும் பேசினார். சிறுவன் அழுதபடி நின்றான்.

இதற்கு அவர் சொன்ன விளக்கம், தான் மாற்றுத்திறனாளி, எழுந்து வந்து அடிக்க முடியாததால் மாணவர்களை அடிக்கச் சொன்னேன் என்பது! கையால் முடியாததை வாயால் செய்து முடித்திருக்கிறார். அந்த வகுப்பில் பாதிக்கப்பட்டது ஒரு பிள்ளை மட்டுமல்ல. அறைந்த பிள்ளைகளின் பிஞ்சு உள்ளத்திலும் அன்று விஷம் ஏற்றப்பட்டது. அவர்களுக்கும் அதே வயதுதானே!

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் காவல்துறை போட்டது நேரடியாகக் கைது செய்ய வழியில்லாத சாதாரணப் பிரிவுகள். சிறுவனின் அடையாளம் தெரியும்படி வீடியோவை வெளியிட்டார் என்று ஒரு முஸ்லிம் பத்திரிகையாளர் மீதும் வழக்கு. விவசாய சங்கத் தலைவர் ஒருவர் வந்து பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க வைத்தார். கேமராக்கள் படம் எடுத்துத் தள்ளின. சமாதானமாம்! அடி வாங்கியவனை அடித்தவனோடு கட்டிப்பிடிக்க வைப்பதற்குப் பெயர் சமாதானமென்றால், அநீதிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

என் மனதை அதிகம் உறுத்தியது வேறொன்று. சிறுவனின் தந்தை முதலில் சொன்னது என்ன தெரியுமா? புகார் வேண்டாம், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், இனி பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்பதுதான். பிறகு அவர் துணிந்து புகார் கொடுத்தார், அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! அவரை நான் குறை சொல்ல வரவில்லை. சின்னக் கிராமம், ஏழை விவசாயி. ஆனால் எந்த நெருக்கடியும் இல்லாத நம் ஊர்களில், கடை கண்ணி வைத்து வசதியாக இருக்கும் நாம் செய்வதும் இதைத்தானே? பிள்ளை அழுதுகொண்டு வந்தால் முதலில், "நீ என்ன செய்தாய்?" என்று அவனையே கேட்கிறோம். இரண்டாவது முறை அழுதால் டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்க்கிறோம். பெண்பிள்ளை என்றால் அதுவும் இல்லை. வீட்டிலேயே இருக்கட்டும் என்று படிப்புக்கு முற்றுப்புள்ளி! கேட்டால் ஸப்ர் என்கிறோம். ஸப்ர் என்பது சத்தியத்தில் உறுதியாக நிற்பது. பயந்து ஒதுங்குவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

அந்த வழக்கை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் காந்தியின் கொள்ளுப்பேரன் துஷார் காந்தி. மாநில அரசின் மனசாட்சியை உலுக்க வேண்டிய சம்பவம் இது என்று 2023 செப்டம்பரில் நீதிமன்றம் கண்டித்தது. அவர் நம் மார்க்கத்தவர் அல்ல. அவர் நீதிமன்றம் போனபோது நம் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? அந்தச் சிறுவன் அழும் வீடியோவை முகத்தோடு, பெயரோடு ஆயிரம் பேருக்கு அனுப்பினார்கள். கோபம் தீர்ந்தது. ஒரு குழந்தையின் அவமானம் ஆயிரம் கைபேசிகளில் தங்கிவிட்டது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்காதீர்கள். அதே ஆகஸ்ட் மாதம் 9ந் தேதி நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியது உடன் படித்த பையன்கள்! அவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். அவனும் ஒதுங்கித்தான் போனான். ஒதுங்கியவனை விட்டார்களா? அந்தப் பிள்ளை சிகிச்சைக்கிடையே படித்து, 2024ல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்துக் காட்டினான்.

"பள்ளியில் புகார் சொன்ன பிறகுதானே வெட்டினார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன்.

இப்போது பெரிய வகுப்பறைக்கு வாருங்கள். ஐ.நா. பாதுகாப்பு சபையில் 15 நாடுகள். காஸாவில் போரை நிறுத்து என்று 2024 நவம்பரில் தீர்மானம் வந்தபோது 14 கைகள் உயர்ந்தன. அமெரிக்கா மட்டும் முடியாது என்றது. தீர்மானம் செத்தது. 2025 ஜூனில் மீண்டும் 14க்கு 1. செப்டம்பரில் மீண்டும் 14க்கு 1! குப்பாபூரில் நாற்காலியில் இருந்தவர் சொன்னதைப் பிள்ளைகள் செய்தார்கள். இங்கே நாற்காலியில் இருப்பவர் ஆயுதமும் கொடுத்து, தடுக்க வருபவர் கையையும் தட்டிவிடுகிறார். உலகத்துக்கு ஜனநாயகப் பாடம் நடத்துபவரும் இவரேதான்!

அமெரிக்காவைத் திட்டி ஜும்ஆ மேடையில் முழங்குவது எளிது. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பில் 57 நாடுகள் இருக்கின்றன. எண்ணெய் இருக்கிறது, பணம் இருக்கிறது, கோபுரம் கோபுரமாகக் கட்டிடங்கள் இருக்கின்றன. ஆனால் இனப்படுகொலை என்று இஸ்ரேல் மீது 2023 டிசம்பர் 29ல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது தென்னாப்பிரிக்கா! அங்கே முஸ்லிம்கள் மிகச் சிறுபான்மை. நிறவெறியின் அடியை முதுகில் வாங்கிய நாடு, அடுத்தவர் முதுகில் விழும் அடியைப் புரிந்துகொண்டது. இந்த 57ல் ரோஷமுள்ள நாடே இல்லையா என்றால், உண்டு. ரோஹிங்யா மக்களுக்காக 2019ல் மியான்மர் மீது வழக்குத் தொடுத்த காம்பியா. சென்னை மாநகர மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத ஏழை நாடு அது.

வியாபாரப் பெருமக்களே! கொஞ்சம் நம் கடைக்குள்ளும் எட்டிப் பார்ப்போமா? பீகாரிலிருந்து வந்து மூட்டை தூக்கும் பையனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? "டேய் இந்திக்காரா!" கறுத்தவன், திக்குவாயன், நொண்டி என்று நம் தெருப் பிள்ளைகள் கூப்பிட்டு விளையாடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு பார்க்கிறோம். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்லாஹ் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11வது வசனத்தில் தடுத்திருக்கிறான். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அதே ஹதீஸில்தான், பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள் என்ற கட்டளையும் வருகிறது (நூல்: புகாரி). குப்பாபூர் ஆசிரியையைச் சபிக்கும் வாய்க்கு இதை முதலில் பேசத் தகுதி வேண்டாமா?

திருப்பி அடிப்போம் என்று துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நீ அடித்தால் உன் மீது வழக்கு, உன் படிப்பு போகும், அவன் ஜெயிப்பான். பள்ளியில் மாணவனை உடலாலோ மனதாலோ துன்புறுத்தக் கூடாது என்று 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவில் சொல்கிறது. அதைப் படி. எந்தத் தேதி, யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி வை. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. தந்தை மட்டும் போக வேண்டாம். ஜமாஅத் நிர்வாகிகள் இருவரும், அதே தெருவில் உள்ள இந்து, கிறிஸ்தவப் பெரியவர்கள் இருவரும் கூடப் போகட்டும். பாதிக்கப்பட்டது தலித் பிள்ளையாக இருந்தால், அழைப்புக்குக் காத்திராமல் ஜமாஅத் அங்கே போய் நிற்க வேண்டும். பள்ளி மழுப்பினால் 1098க்குப் போன் செய்யுங்கள். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள்.

அதற்குப் பிறகும் பள்ளிக்கூடம் டி.சி.யை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன காரணத்துக்காக வெளியேற்றுகிறீர்கள் என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள்.