நீங்க என்ன டாக்டரா?

டிஸ்கி: தங்கமணியிடம் படித்துக் காட்டி அனுமதி வாங்கிய பிறகே இந்தப் பதிவு. அவள் அடிக்கச் சொன்னதை எல்லாம் அடித்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம மக்கள் நாலு குடும்பம் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தோம். லண்டனில் பொட்டி தட்டுறவன் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும்? விசா, வீட்டு வாடகை, அப்புறம் ஜி.பி. அப்பாயின்ட்மென்ட். பிரியாணி முடியறதுக்குள்ளே ஒரு அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார். "போன தடவை விசா நீட்டிச்சப்ப வருஷத்துக்கு 1035 பவுண்டுன்னு ஹெல்த் சர்சார்ஜ் உருவுனாங்க பாஸ். ஆனா டாக்டரைப் பார்க்கணும்னு போன் பண்ணா ரிசப்ஷன்ல இருக்கறவ 'என்ன பிரச்சினை'ன்னு கேக்குறா. அவ என்ன டாக்டரா?"

தயிர்ப்பச்சடி எடுத்துக்கொண்டு வந்த தங்கமணி அப்படியே நின்றாள். அவள் ஒன்றரை வருஷமாக ஒரு ஜி.பி. கிளினிக்கில் பார்ட் டைம் ரிசப்ஷனிஸ்ட் என்பது அண்ணாச்சிக்கு மறந்துபோச்சு. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஏன்னா அந்த டயலாக்குக்கு காப்பிரைட் என்னுடையது :-)

கொசுவத்தி சுத்திக்கோங்க. 2023 டிசம்பர். பாப்பாவுக்கு ராத்திரி முழுக்க காய்ச்சல். காலையில் எட்டு மணிக்கு லைன் திறந்ததும் அடித்து, இருபத்தேழாவது ஆளாகக் காத்திருந்து பேசினால், அந்தப் பெண்மணி வரிசையாகக் கேள்வி கேட்கிறார். தண்ணி குடிக்கிறாளா, மூத்திரம் போறாளா, கூப்பிட்டா கண் திறந்து பார்க்கிறாளா, உடம்புல தடிப்பு இருக்கா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆர் யூ எ டாக்டர்?" என்று கத்தினேன். கத்தினேன் என்றால் நிஜமாகவே கத்தினேன். மறுமுனையில் ரெண்டு செகண்ட் சத்தமில்லை. பிறகு அதே குரலில், "பதினொன்று நாற்பதுக்கு வாங்க" என்றார்.

தங்கமணி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு தாளின் நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் அதே கேள்விகள். தடிப்பு மேல் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் மறையுதா என்பதும் இருந்தது. மறையாத தடிப்பு மூளைக்காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாமாம். அந்தப் பெண்மணி வம்பு கேட்கவில்லை. என் பொண்ணை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா, பதினொன்று நாற்பது வரை விடலாமா என்று பார்த்திருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நிற்க. நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கு ஜி.பி. கிளினிக் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரி மாதிரி ஒரு நினைப்பு. 1948ல் என்.எச்.எஸ். ஆரம்பித்த நாளிலிருந்து பெரும்பாலான ஜி.பி.க்கள் அதனோடு ஒப்பந்தம் போட்டுத் தனியாக நடத்துகிறவர்கள்தான். ரிசப்ஷனிஸ்ட்டுக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் கிளினிக். என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு உள்ள சம்பள விகிதம் இவளுக்குக் கிடையாது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனபோது தங்கமணி வாங்கியது அதைவிட முப்பது பென்ஸ் அதிகம். எம்.எஸ்ஸி. படித்தவள். அந்த முப்பது பென்ஸுக்குத்தான், யார் இன்று டாக்டரைப் பார்க்கணும், யார் பார்மசிக்குப் போகலாம், யார் 999 அடிக்கணும் என்பதை முதலில் காதில் வாங்குகிறாள்.

இந்தக் கேள்வி கேட்கிற வேலையை அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. இதற்குப் பயிற்சி கொடுக்கவென்றே 2016ல் ஐந்து வருஷத்துக்கு 45 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார்கள். 2024 ஜனவரி கடைசியில் பார்மசி ஃபர்ஸ்ட் என்று ஒன்று வந்தது. தொண்டைவலி, காதுவலி, அக்கி மாதிரி ஏழு விஷயத்துக்கு மருந்துக்கடையிலேயே மருந்து வாங்கலாம். இவள் கேட்காவிட்டால் அந்தக் காதுவலிக்காரர் ஒரு டாக்டர் ஸ்லாட்டைத் தின்றுவிடுவார்.

பார்ட் டைம் என்பதில் இன்னொரு தலைவலி. திங்கள் காலை ஒரு தாத்தாவிடம் "மாத்திரை விஷயம் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருப்பாள். அடுத்த ஷிப்ட் புதன்கிழமை. நடுவில் அந்தக் குறிப்பை யார் படித்தார்கள்? ராத்திரி பதினொரு மணிக்கு, "ஏங்க, அந்த மாத்திரை..." என்று எழுந்து உட்காருவாள். 2011ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டெபோரா ஸ்வின்கிள்ஹர்ஸ்ட் குழுவினர், நாலு கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்து ஒரு ஆய்வு எழுதினார்கள். மாதாமாதம் வாங்குகிற தொடர் மருந்துச் சீட்டு வேலையில் விதிமுறைக்குள் அடங்காத விஷயங்கள் நிறைய வருகின்றன, அதை எல்லாம் சமாளிப்பது பெரும்பாலும் ரிசப்ஷனிஸ்ட்தான், நோயாளியின் பாதுகாப்பில் அவர்களுக்குள்ள பங்கு யார் கண்ணிலும் படுவதில்லை என்கிறார்கள்.

சிடுமூஞ்சி ரிசப்ஷனிஸ்ட்டே கிடையாதா என்றால், உண்டு. வரிசையில் பத்து பேர் நிற்கும்போது "எந்த இடத்தில் அரிக்குது?" என்று சத்தமாகக் கேட்பது அநியாயம். அந்த மாதிரி நேரத்தில் "பர்சனல்" என்று சொன்னால் போதும், மேலே சொல்ல வேண்டியதில்லை. இது நிறைய பேருக்குத் தெரியாது.

"இப்பதான் ஆன்லைன் பார்ம் வந்துருச்சே, ஆளே தேவையில்லை" என்றார் அண்ணாச்சி. உண்மைதான், 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லா கிளினிக்கும் காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை அதைத் திறந்து வைக்கணும். நானும் பார்ம் செய்து பிழைக்கிறவன்தான். ஆனால் அன்றைக்குத் தங்கமணி சொன்ன கதை.

ஒரு பையன் போன். அம்மாவுக்கு கேஸ்ட்ரிக் ப்ராப்ளம், இந்த வாரத்தில் எப்பன்னாலும் பரவாயில்லை என்கிறான். பின்னால் ஒரு யாழ்ப்பாணத்துக் குரல் முனகுவது இவளுக்குக் கேட்கிறது. "அம்மாகிட்ட குடுங்க" என்று வாங்கித் தமிழில் கேட்டாள்.

"நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை. விடியத் துவங்கினது. இடக்கையும் உளையுது."

உளையுது என்றால் நோவுது. மதுரைக்காரிக்கு அது தெரிந்ததே பக்கத்து வீட்டு அக்கா புண்ணியம். போனைப் பையனிடம் கொடுக்கச் சொல்லி, உடனே 999 அடிக்க வைத்துவிட்டு, டூட்டி டாக்டர் ரூமுக்கு ஓடியிருக்கிறாள். பார்மில் அவன் என்ன டைப் பண்ணியிருப்பான்? கேஸ்ட்ரிக்.

ஓடிப்போய்த் திரும்பி வந்தால், லைனில் அடுத்து காத்திருந்தவர் நாலு நிமிஷம் தாமதத்துக்குத் திட்டினாராம். அவரை நான் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற கடிதங்களை ஸ்கேன் பண்ணுவதும் இவள் வேலைதான். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

"அந்தம்மா லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்னவாம்?"

"அதைக் கேக்க நீங்க என்ன டாக்டரா?"